கல் கோயிலும் கருவாட்டுத் தெருவும்: குவாங்சௌவில் அஞ்சு நாள்

சீனாவுக்குப் போயிட்டு வந்தேன்னு ஒரு வரி எழுதினேன். வாழை வாடல் நோயைப் பத்தி எழுதினப்போ கேட்காத ஆளெல்லாம் கேட்க ஆரம்பிச்சிட்டாங்க. எங்க தங்கினீங்க, நடந்து போய் என்னவெல்லாம் பாக்கலாம், என்ன வாங்கலாம், சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க? கேட்டது பெரும்பாலும் சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிறவங்க. அதனால இந்தத் தடவை உரக்கணக்கு கிடையாது. தங்கின ஓட்டல்ல இருந்து கால்நடையா போய் வர்ற தூரத்துல பாத்ததையும் வாங்கினதையும் எழுதுறேன். நடுவுல ஒரு மீன் கதை வரும். எனக்கு அதுதான் முக்கியம், பொறுத்துக்கணும்.

முதல்ல, ஒரு விவசாயிக்குச் சீனாவுல என்ன வேலைன்னு சொல்லிடுறேன். சித்தப்பா மகன் தக்கலையில இரும்புச் சாமான் கடை வச்சிருக்கான். குவாங்சௌவுல வருசத்துக்கு ரெண்டு தடவை பெரிய வணிகச் சந்தை ஒண்ணு கூடும். பழைய பேரை வச்சு கேன்டன் ஃபேர்னு சொல்வாங்க. 1957-ல தொடங்கினது. 2019 அக்டோபர் 15-ந் தேதி தொடங்கினது 126-வது சந்தை. களை எடுக்கிற மிஷின், புல் வெட்டுற மிஷின் எல்லாம் அங்க வருது, "அண்ணா, நீங்கதான் நெலத்துல நின்னு வேல செய்யக்கூடிய ஆளு, நீங்க பாத்துச் சொன்னா நான் எறக்குவேன்"னு கூப்பிட்டான். கும்பப்பூ நடவு முடிஞ்ச நேரம். மாமல்லபுரத்துல சீன அதிபர் இளநீர் குடிச்சிட்டுப் போன அதே வாரம் நாங்க திருவனந்தபுரத்துல ஏறி, சிங்கப்பூர்ல மாறி, அங்க போய்ச் சேர்ந்தோம்.

சந்தையைப் பத்தி ரெண்டே வரி. எனக்குப் பிடிச்ச களை மிஷின் ஒண்ணு இருந்தது. ஒண்ணு ரெண்டு தரமாட்டாங்க, நூறு எடுக்கணும். தம்பி பேசிக்கிட்டே இருக்கான், இன்னும் முடியல. அதோட அந்தக் கதை நிக்குது.

ஓட்டல் இருந்தது ஹாய்சூ சதுக்கம் பக்கத்துல, பேர்ல் ஆத்தங்கரையில. தம்பி காலையில சந்தைக்குப் போயிட்டா எனக்குப் பாதி நாள் சும்மாதான். மெத்தை நல்ல கட்டியா இருந்தது. நம்ம நாட்டுத் தென்னை நாரை நிறைய வாங்கி மெத்தை செய்ற நாடு இது. எனக்க தோப்புத் தொண்டு இதுக்குள்ள கெடக்கான்னு தட்டிப் பாத்தேன். சத்தம் வச்சு ஒண்ணும் தெரியல.

ஆத்தங்கரையில இருந்து தொடங்கலாம். காலையில அஞ்சரை மணிக்கே வயசானவங்க கூட்டம் கூட்டமா நிக்கிறாங்க. ஒரு பக்கம் மெதுவா கையைக் காலை அசைக்கிற பயிற்சி, இன்னொரு பக்கம் பாட்டுப் போட்டு ஆட்டம். பாட்டிமாரு ஆடுறதைப் பாக்க வெக்கப்பட்டுத் தலையைத் திருப்பிக்கிட்டது நான் மட்டும்தான். ஆத்துக்குக் குறுக்கே பழைய இரும்புப் பாலம் ஒண்ணு இருக்கு, 1933-ல திறந்தது. 1949-ல பின்வாங்கிப் போன படை அதை வெடி வச்சுத் தகர்த்திருக்கு, மறு வருசமே திரும்பக் கட்டியிருக்காங்க.

கரையோடயே மேற்க நடந்தா ஒரு பூங்கா வரும். 18-ம் நூற்றாண்டுல வெள்ளைக்காரங்களோட கிட்டங்கிகள் இருந்த இடம் அந்தப் பக்கந்தான். 1757-ல இருந்து 1842 வரைக்கும் ஐரோப்பியக் கப்பலுக்குச் சீனாவுல திறந்திருந்த ஒரே துறைமுகம் இதுதான். இங்கிலீசுக்காரன், பிரெஞ்சுக்காரன், டச்சுக்காரன்னு ஆளாளுக்கு ஒரு வீடு. டச்சுக்காரன்னு கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. 1741-ல மிளகுக்காகக் குளச்சல்ல வந்து இறங்கி, மார்த்தாண்டவர்மா கையில அடி வாங்கின அதே கம்பெனிதான். எங்க கடப்புறத்துல வெற்றித்தூண் நிக்குது, பிள்ளைங்க அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுக்கும். மிளகு கிடைக்காதவன் இங்க வந்து தேயிலை வாங்கியிருக்கான்.

இன்னும் கொஞ்சம் போனா ஷாமியான் தீவு. ஓட்டல்ல இருந்து மெதுவா நடந்தா முக்கால் மணி நேரம். ரெண்டாம் அபின் போர் முடிஞ்ச பிறகு பிரிட்டிஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் எடுத்துக்கிட்ட துண்டு நிலம். பழைய மாளிகைகள், வண்டி ஓடாத தெரு, ரெண்டு பக்கமும் ஆலமரம். விழுது மண்ணைத் தொட்டு நிக்கிற மரத்தைப் பாத்ததும்தான் எனக்கு வெளியூர்ல இருக்கிற நெனப்பே போச்சு. கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வரிசையில நிக்கிறாங்க. பாக்கக் காசு வேண்டாம்.

ஓட்டல்ல இருந்து வடக்க நடந்தா பெய்ஜிங் சாலை. கடைத்தெருதான், ஆனா நடுத்தெருவுல தரையைத் தோண்டிக் கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க. எட்டிப் பாத்தா பழைய ரோடு, அதுக்குக் கீழ அதைவிடப் பழைய ரோடு, அடுக்கு அடுக்கா. ஆயிரம் வருசத்துக்கு மேல ஒரே எடத்துல ரோடு போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. நம்ம ஊர்லயும் ரோட்டு மேல ரோடு போட்டு வீட்டு வாசலைப் பள்ளமாக்குறாங்க, அதையும் கண்ணாடி போட்டுக் காட்டலாம்.

போதிதர்மர் பேரைச் சொல்லி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. ஹுவாலின் கோயில்னு ஒண்ணு, மெட்ரோவுல போகணும். டிக்கெட் ரெண்டு யுவான்ல தொடங்குது, வட்டமா பிளாஸ்டிக் காசு மாதிரி ஒண்ணு கையில தருவாங்க. 2019-ல 1 யுவான் ஏறக்குறைய 10 ரூபாயா இருந்தது. கடல் வழியா வந்த போதிதர்மர் முதல்ல கரை இறங்கின இடம் அதுதான்னு அந்த ஊர் நம்பிக்கை. கோயிலைச் சுத்திப் பச்சைக்கல் வளையல் கடைகள். உள்ள ஐந்நூறு சீடர்களோட சிலை, ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி. காஞ்சிபுரத்து ஆளுன்னு நாம சொல்லிக்கிறோம், அவங்க தெற்கு இந்தியாவுல இருந்து வந்தவர்னு சொல்றாங்க. சண்டை இல்ல.

சாப்பாடு எனக்குப் பிரச்சினையே இல்ல. காலையில கஞ்சி. அரிசியைக் குழைய வேக வச்சு, மீன் துண்டோ நிலக்கடலையோ போட்டுத் தர்றாங்க. ஓட்டல் அட்டையில இங்கிலீசுல "காஞ்ஜி"ன்னு போட்டிருந்தது. அந்த இங்கிலீசு வார்த்தையே நம்ம கஞ்சியில இருந்து போனதுதான். பயறும் தேங்காய்த் துவையலும் மட்டும் இருந்திருந்தா வயல்கரையில உக்காந்த மாதிரி இருந்திருக்கும். டீக்கடையில உக்காந்தா முதல் கெட்டில் டீயைக் கிண்ணம் கழுவ ஊத்துறாங்க. குடிக்கப் போயிராதீங்க.

இனி அந்த மீன் கதை.

குளச்சல் கடப்புறத்துல எனக்கு ஒரு கூட்டுக்காரன். பத்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சு. நான் வாழைக்குப் போனேன், அவன் கடலுக்குப் போனான். 2017 நவம்பர் 30-ல ஒக்கி வந்தப்போ மச்சினனைப் பறிகொடுத்த வீடு. வள்ளத்துக் கடன் இன்னும் ஓடுது, மகள் நர்சிங் படிக்கா. நான் சீனாவுக்குப் போறேன்னு தெரிஞ்சு தோப்புக்கே வந்துட்டான்.

"லே மக்கா, சைனாவுக்குப் போறியாமே, உள்ளதா?"

"உள்ளதுதான். உனக்கு என்ன வேணும்? டார்ச்சா, போனா?"

"ஒரு மண்ணும் வேண்டாம். அஞ்ச நெட்டி என்ன வெலைக்கு விக்காவன்னு மட்டும் பாத்துட்டு வா. ரெண்டு வருசமா எனக்கு ஒறக்கம் கெட்டுக் கெடக்கு."

நெட்டின்னா மீன் வயித்துக்குள்ள இருக்கிற காத்துப்பை. மீன் தண்ணியில ஏறி இறங்க உதவுறது. எல்லா மீன் நெட்டிக்கும் விலை கிடையாது. கூறல் மாதிரி பெரிய மீனோட நெட்டிக்குத்தான் மவுசு. ரெண்டு வருசத்துக்கு முந்தி இவனுக்க வலையில 14 கிலோ கூறல் ஒண்ணு விழுந்தது. வந்த வியாபாரி மீனைத் தூக்கிப் பாத்து, வயித்தை அமுக்கிப் பாத்து, மொத்தமா ஒரு விலை சொல்லி எடுத்துட்டுப் போயிட்டார். அது எங்க போகுது, எதுக்குப் போகுதுன்னு கேட்டா, "மருந்துக்குப் போகுது, ஆபரேசன் நூலு செய்யதுக்கு"ன்னு பதில். மருந்து விலை நமக்கு எப்படித் தெரியும்? அதுக்கு மேல கேள்வி கிடையாது.

ஓட்டல்ல இருந்து பத்து நிமிச நடையில யீதே சாலை. காலை எட்டு மணிக்கு அங்க திரும்பினதும் மூக்குல ஏறினது கருவாட்டு மணம். குளச்சல் மணம். நெத்தோலி, எறா, கணவாய், சிப்பி எல்லாம் மூட்டை மூட்டையாத் திறந்து வச்சிருக்கு. மொத்த வியாபாரத் தெரு. தள்ளுவண்டிக்காரங்க நம்மள ஓரம் தள்ளிட்டுப் போறாங்க. நெத்தோலியை மட்டும் ஆறு தரமாப் பிரிச்சு ஆறு விலை போட்டிருக்கிற கடையை நான் அங்கதான் பாத்தேன். எங்க ஊர்ல எல்லாம் ஒரே கூடைதான்.

கடல் அட்டை கூடை கூடையா இருக்கு. மன்னார் வளைகுடாவுல அதை எடுத்ததுக்காக ஆளைப் பிடிக்கிறதைப் பத்திரிகையில படிக்கிறோமே, அதேதான். நம்ம நாட்டுல 2001-ல இருந்து அதைத் தொடக்கூடாது, காட்டுயிர்ச் சட்டத்துல புலி இருக்கிற அதே பட்டியல். இங்க அதைப் பிளாஸ்டிக் முறத்துல அள்ளுறாங்க. பக்கத்துல சுறாத் துவி. சுறாவுக்குப் பேர் போன தூத்தூர் ஆளுங்க எனக்குத் தெரியும். 2015 பிப்ரவரியில துவி ஏத்துமதியை இந்தியா நிறுத்தினப்போ அந்தக் கரையில பட்ட பாடும் தெரியும். ஒரு சாமானோட ஒரு முனை சட்டத்துக்குள்ளயும் மறுமுனை கடைத்தெருவுலயும் கெடக்கிறதை ஒரே தெருவுல நின்னு பாத்தேன்.

நெட்டிக்குன்னு தனிக் கடைகளே இருக்கு. நான் போன கடையில ஒரு நடுவயசு அம்மா. எனக்குச் சீனம் தெரியாது, அவங்களுக்கு இங்கிலீசு தெரியாது. அவங்க போன்ல சீனத்துல பேசினா அது இங்கிலீசுல சொல்லும். நான் கூட்டுக்காரன் அனுப்பின கூறல் போட்டோவைக் காட்டினேன். பாத்ததும் "ஓ"ன்னு ஒரு சத்தம். வாங்க வந்தவன் இல்ல, விக்கிற பக்கத்து ஆளுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. விரட்டல. டீ ஊத்திக் குடுத்து உக்கார வச்சாங்க.

விலைச்சீட்டு எல்லாம் அரைக்கிலோ கணக்கு. 'ஜின்'னு சொல்றாங்க. சின்னதா மெலிசா இருந்தது 380 யுவான். நல்ல கனமானது 2,600. கண்ணாடி அலமாரியில பூட்டி வச்சிருந்ததுக்கு விலைச்சீட்டே இல்ல. நான் கால்குலேட்டர்ல 2,600-ஐ ரூபாயாக்கி, அதைக் கிலோவாக்கி, ரெண்டு தடவை சரிபாத்தேன். கிலோ 52,000 ரூபாய். என் கை கொஞ்சம் நின்னு போச்சு.

ஏன் இந்த வித்தியாசம்னு கேட்டேன். அந்த அம்மா ஒண்ணொண்ணா எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுக் காட்டினாங்க. ரத்தக்கறை இருக்கக்கூடாது. கத்தி பட்ட கீறல் கூடாது. கொழுப்பும் தோலும் சுத்தமாச் சுரண்டியிருக்கணும். தடிமன் வேணும். ஆண் மீன் நெட்டிக்கு விலை கூட, பெண் மீனுக்குக் கொறவு. கிலோவுக்கு எத்தனை துண்டு நிக்குதுங்கிறது ஒரு கணக்கு. எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறும். கடைசியா, எத்தனை வருசம் பழசு. பத்து வருசம் வச்சிருந்ததுக்கு வேற விலை.

எதுக்கு இதுன்னு கேட்டேன். நூலும் இல்ல, ஊசியும் இல்ல. போன் சொன்னது: சூப்பு. ராத்திரி முழுக்க ஊற வச்சு, கோழியோட போட்டுக் காய்ச்சி, பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறது. கல்யாண விருந்துல வைக்கிறது. அவ்வளவுதான். கூட்டுக்காரன் ரெண்டு வருசமா ஆபரேசன் தியேட்டரை நெனச்சு உறக்கம் கெட்டுக் கெடந்தான். அது அடுக்களைக்குப் போற சாமான்.

அடுத்த கடையில எனக்கு இன்னொரு பாடம். காஞ்ச ஆரஞ்சுத் தோல். பக்கத்துல சின்ஹுய்னு ஒரு ஊர், அங்க விளையிற ஆரஞ்சுல பழத்தைவிடத் தோலுக்குத்தான் மதிப்பு. மூணா கிழிச்சுக் காய வச்சு, குறைஞ்சது மூணு வருசம் வச்ச பிறகுதான் அதுக்கு 'சென்பி'ங்கிற பேரே. இருபது வருசத் தோல் ஒண்ணு ஜாடியில இருந்தது, மோந்து பாக்க விட்டாங்க. நான் மட்டி வாழை போடுறேன். வெட்டின மூணாம் நாள் விக்கலைன்னா குலை கறுத்துப் போகும். காலம் போகப் போக விலை கூடுற சாமான் ஒண்ணு விவசாயி கையில இருந்தா அவன் வியாபாரிகிட்ட எப்படிப் பேசுவான்னு நெனச்சுக்கிட்டே நின்னேன்.

அந்தத் தெருவுலதான் கல் கோயில். ஊர்க்காரங்க வைக்கிற பேரே 'கல் வீடு'. முழுக்கக் கருங்கல்லுல கட்டின மாதாக்கோயில். 1863-ல தொடங்கி 1888-ல முடிச்சிருக்காங்க, 25 வருசம். ரெட்டைக் கோபுரம். கருவாட்டு மூட்டைக்கு மேலே கோபுரம் தெரியுற காட்சி எங்க கடற்கரையில எல்லா ஊர்லயும் பாக்கலாம். அங்க அதைப் பாப்பேன்னு நெனக்கல.

உள்ள போய்க் கொஞ்ச நேரம் உக்காந்தேன். 1544-ல சவேரியார் எங்க கடற்கரையில ஊர் ஊரா நடந்து ஞானஸ்நானம் குடுத்தார். கோட்டாறு சவேரியார் திருவிழான்னா மாவட்டத்துக்கே லீவு, எந்த மதத்துக்காரனும் போவான். அந்த மனுசனோட கடைசி ஆசை இந்த ஊருக்குள்ள வர்றது. வெளிநாட்டான் உள்ளே வரக்கூடாதுன்னு தடை. பக்கத்துல சாங்சுவான் தீவுல, தன்னைக் களவா ஏத்திட்டு வர்றேன்னு சொன்ன ஒரு வியாபாரிக்காகக் காத்திருந்து, காய்ச்சல்ல 1552 டிசம்பர் 3-ல இறந்து போனார். வியாபாரி வரவே இல்ல. கூட்டுக்காரன் பேர்ல ஒரு மெழுகுவர்த்தி வச்சேன்.

வாங்கினதையும் சொல்லணும். ரப்பர் பால் வெட்டுறவருக்குத் தலையில மாட்டுற லைட்டு ரெண்டு, ஒண்ணு 35 யுவான். கிளை வெட்டுற மடக்கு ரம்பம், 28 யுவான். ஒட்டுக் கட்டுற கத்தி ஒண்ணு. வீட்டுக்காரிக்குச் சீனச்சட்டி. நம்ம ஊர்ல சீனச்சட்டின்னு விக்கிறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, கைப்பிடி மட்டும் மரம். பிள்ளைங்களுக்குப் பொம்மை, அதுவும் யீதே சாலையிலயே மொத்த விலைக்குக் கிடைக்கும். விலை பேசுறது கால்குலேட்டர்ல. அவங்க அடிப்பாங்க, நாம அழிச்சிட்டு அடிக்கணும். பாதியில தொடங்கினா முக்காலுக்கு வரும். உள்ளூர்க்காரங்க எல்லாம் போனைக் காட்டித்தான் காசு குடுக்கிறாங்க, இளநீர்க்காரன்கூட அட்டை தொங்க விட்டிருக்கான். நோட்டும் வாங்கிக்கிறாங்க, சில்லறைதான் கஷ்டம்.

ஊருக்கு வந்ததும் இந்த நெட்டியைப் பத்தி இன்னும் கொஞ்சம் படிச்சேன். அந்த நாட்டுக் கடல்லயே பஹாபான்னு ஒரு பெரிய மீன், கூறலுக்குச் சொந்தக்கார வகை. நெட்டிக்காகவே பிடிச்சுப் பிடிச்சு இப்போ கண்ணுல காண்றதே அபூர்வம். பிடிக்கத் தடை. மெக்சிகோவுல தொத்துவாபான்னு ஒண்ணு. அதைப் பிடிக்க விரிச்ச வலையில மாட்டியே வாக்கிட்டாங்கிற சின்னக் கடற்பன்றி இருபதுக்கும் குறைவா ஆயிட்டு. எங்க விலை ஏறுதோ அங்க மீன் தீருது.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை கடப்புறத்துக்குப் போனேன். வலை பொத்திக்கிட்டு இருந்தான். போட்டோவெல்லாம் காட்டினேன். 2,600 சொன்னேன், அரைக்கிலோவுக்குன்னும் சொன்னேன். ஈரத்துல உள்ள எடை காஞ்சா எவ்வளவு போகும், கப்பலுக்கும் வரிக்கும் எத்தனை கைக்கும் எவ்வளவு போகும்னு எனக்குத் தெரிஞ்ச கணக்கையும் போட்டுக் காட்டினேன். அவ்வளவும் கழிச்சாலும் 14 கிலோ மீனுக்கு அன்னைக்கு வந்த விலை சரியில்ல. பஹாபா கதையையும் சொன்னேன். சொல்லாம இருக்க முடியல.

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. ஊசி மட்டும் ஓடிக்கிட்டு இருந்தது.

"எங்க அப்பன் காலத்துல இத கொடலோட சேத்துக் கடல்ல எறிவாரு," என்றான். பிறகு, "சூப்பா மக்கா? உள்ளதாவே சூப்பா?"

"சூப்புதான். பிள்ளை பெத்தவளுக்கு."

"அப்ப நம்ம வீட்டுல பிள்ளை பெத்தப்போ சாளைக் கொழம்புல்லா குடுத்தோம்" என்று சிரித்தான். சிரிச்சு முடிச்சதும் அந்த அம்மா வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டின போட்டோவைத் திரும்பக் கேட்டு வாங்கினான். கீறல் எங்க விழும், கத்தியை எந்தப் பக்கமா விடணும்னு விரலால காத்துல வரைஞ்சு பாத்தான்.

போன வாரம் நடுத்தரமா ஒரு கூறல் விழுந்திருக்கு. மீனை ஏலத்துல தனியா வித்திருக்கான். நெட்டியைத் தானே எடுத்து, மகள் கழுவிச் சுரண்ட, கூரை மேல வலை விரிச்சு நாலு நாள் காய வச்சிருக்கான். காக்காய்க்குக் காவல் அவனுக்க அம்மா. சாயங்காலம் போன் பண்ணினான். மூணு வியாபாரிகிட்ட காட்டினானாம், மூணு பேரும் மூணு விலை சொன்னாங்களாம்.

"குடுத்துட்டியா?"

"இல்ல. பழசானா வெல கூடும்னு நீதான சொன்ன. டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். வள்ளத்துத் தவணைக்கு இன்னும் பன்னெண்டு நாளு கெடக்கு."